அடி விழும் வீட்டுக்குப் போகும் முன்

போரில் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. தொடங்கிய புதிதில் பெரிய தவறு ஒன்று செய்தேன். கணவர் அடிப்பதாக ஓர் அக்கா சொன்னதும், இருவரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசினேன். அவர் தலையாட்டினார், மன்னிப்பும் கேட்டார். வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்காக அன்று இரவே அக்காவுக்கு மறுபடி அடி விழுந்தது. அடி நடக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதனால்தான்.

தனியாகப் பேசுங்கள். இரண்டு வயதைத் தாண்டிய யார் காதிலும் இந்தப் பேச்சு விழக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2014 கையேடு. சின்னப் பிள்ளைகூட "அம்மா அழுதாங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிடும். யாராவது வந்துவிட்டால் தடுப்பூசிப் பேச்சுக்கு மாறிவிடுவோம் என்று அக்காவிடம் முன்பே சொல்லி வைப்பேன்.

"ஏன் இத்தனை நாள் பொறுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "விட்டுட்டு வந்துடுங்க" என்றும் சொல்லாதீர்கள். பிரியும் நேரத்தில்தான் பலருக்கு ஆபத்து கூடுகிறது. முழுவதும் கேட்டுவிட்டு, நம்புகிறேன் என்று சொல்லுங்கள். அப்புறம் அதே கையேட்டில் உள்ள கேள்விகள்: கடந்த 6 மாதத்தில் அடி கூடியிருக்கிறதா? ஆயுதம் எடுத்தாரா? கழுத்தை நெரித்தாரா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? எந்நேரமும் சந்தேகப்பட்டு வெறிகொள்கிறாரா? கொன்றுவிடுவார் என்று பயமா? மூன்று கேள்விகளுக்காவது ஆம் என்றால் அன்றைக்கே பாதுகாப்பான இடம் தேட வேண்டும். கழுத்தை நெரித்திருந்தால், தடம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மற்ற வீடுகளில் திட்டம் போட்டு வைப்போம்: இரவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு ஓடுவது. அடையாள அட்டையும் நிவாரண அட்டையும் நம்பிக்கையான வேறொரு வீட்டில் இருக்கட்டும். ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியவர்கள், காகிதங்களை விட்டுவிட்டு மறுபடி வெளியேறத் தயங்குவார்கள்.

"போரைப் பார்த்த மனுஷன், அப்படித்தான் இருப்பார்" என்பதை நான் ஏற்பதில்லை. மோதல் நடந்த பகுதிகளில் ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோர் யாரையும் அடிப்பதில்லை. கணவருக்குத் தூக்கமில்லை, கெட்ட கனவு வருகிறது, குடி கூடிவிட்டது என்றால் சிகிச்சைக்கு வழி காட்டுங்கள். அதற்காக அடியை மன்னித்துவிடாதீர்கள்.

அக்காவின் மனதையும் பாருங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பலர் அப்போதுதான் வாய் திறக்கிறார்கள். ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள்.

எழுந்திருக்கும் முன், அடுத்து எந்த நாளில் வருவேன் என்று சொல்வேன். மழையானாலும் அந்த நாளில் போய்விடுவேன்.