உங்கள் பெயரில் எத்தனை பேட்டன்ட்? ஒரே பெயர்க்காரர்களின் கண்டுபிடிப்புகளைத் தேடித் தொகுக்கும் வழி

கும்பாபிஷேக மலரோ, காலேஜ் பொன்விழா மலரோ, கம்பெனி வெப்சைட்டோ, எதிலாவது "நம்ம பேர்க்காரங்க கண்டுபிடிச்சது" என்று ஒரு பக்கம் போட ஆசைப்படுகிறவர்கள் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் கூகுளில் பெயரைத் தட்டி, வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டால் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு அவரைப் பார்த்தே இராத டெக்சாஸ்காரர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். பெயர் உள்ளே நுழைய மட்டும்தான் உதவும், ஆள் யார், பொருள் என்ன, பேட்டன்ட் உயிரோடு இருக்கிறதா என்பதையெல்லாம் வேறு வழியில்தான் பிடிக்க வேண்டும். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்ம ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு, குடும்பப் பெயர் அசையாமல் நிற்கிற நாட்டில் கை பழகிக்கொள்ளுங்கள். அதற்கு ஹோவ் என்ற அமெரிக்கப் பெயர் ரொம்ப வாகானது. 1846 செப்டம்பர் 10-ல் தையல் மெஷினுக்குப் பேட்டன்ட் வாங்கினாரே எலியாஸ் ஹோவ், அந்த ஹோவ். பேட்டன்ட் எண் 4750. ஊசியின் காது நுனிப் பக்கம், துணிக்கு அடியில் ஓடும் ஷட்டில், மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும் தையல். ஷட்டில் இருந்த இடத்துக்குச் சுழலும் கொக்கி வந்துவிட்டதே தவிர, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சிங்கர் மெஷின் போடுகிற தையல் இன்றைக்கும் அதுதான். (அந்த சிங்கர், அதாவது ஐசக் சிங்கர், கோர்ட்டில் தோற்று ஹோவுக்கு ராயல்டி கட்டியவர் என்பது தனிக் கதை.)

எலியாஸுக்கு அப்பாவுடன் பிறந்த இரண்டு பேரும் இதே மாதிரி ஆட்கள்தான். வில்லியம் ஹோவ் 1840-ல் பாலத்துக்கான சட்டக அமைப்புக்குப் பேட்டன்ட் வாங்கினார்: சாய்வாக நிற்பவை மரக்கட்டைகள், அவை அழுத்தத்தைத் தாங்கும், செங்குத்தாக இரும்புக் கம்பிகள், அவை இழுவையைத் தாங்கும், மரம் காய்ந்து தளர்ந்தால் நட்டை முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். அமெரிக்க ரயில் பாதைகளில் இந்தப் பாலம் எக்கச்சக்கமாகக் கட்டப்பட்டது. இன்னொருவர் டைலர் ஹோவ், ஸ்பிரிங் வைத்த கட்டில் அவருடையது. மூன்று பேருமே மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர்கள். அப்புறம் ஜான் அயர்லாந்து ஹோவ் என்று ஒருவர், கனெக்டிகட்டில் பிறந்த டாக்டர். நியூயார்க்கில் ஏழைகள் விடுதியில் குண்டூசியைக் கையால் செய்வதைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு மெஷின் செய்து 1832-ல் பேட்டன்ட் வாங்கினார். தையல், பாலம், கட்டில், குண்டூசி என்று நான்கு தொழில், ஒரே பெயர். ஆனால் "ஹோவ் குடும்பம்" என்று தலைப்புப் போட்டு டாக்டரையும் உள்ளே தள்ளினால் தப்பு. ஒரே பெயர் என்பது வேறு, ஒரே குடும்பம் என்பது வேறு.

கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இலவசப் பேட்டன்ட் தேடல் தளத்தில் கண்டுபிடித்தவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் பெயரைப் போட்டுத் தேதி வரம்பையும் கொடுங்கள். பழைய அமெரிக்கப் பேட்டன்ட்கள் ஸ்கேன் செய்து ஏற்றப்பட்டவை, எழுத்து அங்கங்கே சிதைந்திருக்கும் என்பதால் பெயரை நம்ப முடியாது. அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத்தின் சொந்தத் தேடலிலும் 1976-க்கு முந்தியவற்றை எண், தேதி, வகைக் குறியீடு வைத்துத் தேடுவதுதான் நம்பகம். எண் தெரிந்தால் யூ, எஸ் என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் 4750 என்று போட்டாலே போதும், ஹோவின் வரைபடம் வந்து நிற்கும்.

அப்பா பெயரும் மகன் பெயரும் ஒன்றாக இருந்தால் இன்னொரு சிக்கல். ஹைரம் மேக்சிம் என்று தேடினால் இரண்டு பேர் வருவார்கள். இயந்திரத் துப்பாக்கி செய்தவர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்கு 1909-ல் பேட்டன்ட் வாங்கியவர் அவர் மகன் ஹைரம் பெர்சி மேக்சிம். நடுப்பெயரைப் பார்க்காமல் போட்டால் அப்பன் கணக்கில் மகன் சேர்ந்துவிடுவான்.

சரி, இனி நம்ம ஊர். இங்கே குடும்பப் பெயரே கிடையாது, இன்ஷியல்தான். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டியிருப்பதால் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே போடுவார். வெளிநாட்டுக்குப் போனவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் எது கடைசியில் நிற்கிறதோ அது. ஆகவே செந்தில்குமார் பழனிசாமி என்று ஒரு பதிவும் பழனிசாமி செந்தில்குமார் என்று இன்னொரு பதிவும் வந்தால் அது ஒரே ஆளாகவும் இருக்கலாம், அப்பா பெயரும் மகன் பெயரும் தலைகீழாக அமைந்த இரண்டு பேராகவும் இருக்கலாம். எதையும் உடனே முடிவு செய்யாதீர்கள்.

பழைய ஆட்களுக்குப் பெயரின் எல்லாத் துண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள், சூலூர் பக்கம் கலங்கலில் 1893-ல் பிறந்தவர், 1974-ல் காலமானார். கோபாலசாமி அப்பா பெயர், துரைசாமி அவர் பெயர், நாயுடு சாதிப் பெயர். மூன்றில் எது எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நாயுடு என்று மட்டும் போட்டால் ஆந்திரா முதல் தென்னாப்பிரிக்கா வரை எல்லாரும் வந்துவிடுவார்கள். அவரோடு சேர்ந்து 1937-ல் கோவையில் மின் மோட்டார் செய்த டி. பாலசுந்தரமும் நாயுடுதான். குறைந்த விலை நாப்கின் மெஷின் செய்து 2016-ல் பத்மஸ்ரீ வாங்கிய நம்ம கோவை அருணாசலம் முருகானந்தத்தைத் தேடுகிறவர்கள் அருணாசலம் என்ற பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. பழனிசாமியில் வரும் சாமிக்கு எஸ்ஸோடு நிறுத்துபவர், நடுவில் டபிள்யூ சேர்ப்பவர், சிஎச் போடுபவர் என்று மூன்று வகை. கடைசி எழுத்து ஐயா ஒய்யா என்று பார்த்தால் அது ஆறாகிவிடும். பொன்னுசாமி, குமாரசாமி, ராமசாமி எல்லாருக்கும் இதே கதிதான். அதனால் சாமிக்கு முந்தி வரை அடித்துவிட்டு நட்சத்திரக் குறி போடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். நாச்சிமுத்து, சென்னியப்பன், மாரப்பன் மாதிரி நம்ம பக்கத்துக்கே உரிய பெயராக இருந்தால் உங்களுக்கு யோகம், கூட்டம் குறைவாக இருக்கும்.

இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் இலவசத் தேடல் பக்கத்துக்கு இன்பாஸ் என்று பெயர். வெளியானவை, வழங்கப்பட்டவை என்ற இரண்டையும் டிக் செய்துகொள்ளுங்கள். வந்த பட்டியலில் முதலில் விண்ணப்ப எண்ணைப் பாருங்கள், அதற்குள்ளேயே பாதித் துப்பு இருக்கிறது. 2016 முதல் எண் பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கு வருடம், ஐந்தாவது எந்த அலுவலகம் என்பது: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. நம்ம பக்கத்துக்காரர் இங்கிருந்தே விண்ணப்பித்திருந்தால் ஐந்தாவது இலக்கம் 4 ஆகத்தான் இருக்கும். அதற்கு முந்திய எண்களில் நடுவில் சிஎச்இ என்றும், இன்னும் பழையவற்றில் எம்ஏஎஸ் என்றும் இருக்கும், மெட்ராஸ் காலத்து மிச்சம்.

அப்புறம் முகவரி. என்னைக் கேட்டால் பெயரை விட இதுதான் நம்பகம். ஊர்ப் பெயரைப் போட்டால் திருப்பூருக்கு எத்தனை பி என்ற சண்டையே தீராது, பின்கோடைப் பாருங்கள். கோவையும் திருப்பூரும் 641, பொள்ளாச்சி 642, ஈரோடு, தாராபுரம், காங்கயம் 638, நாமக்கல், திருச்செங்கோடு 637, கரூர் 639. பெரிய கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் இது பலிக்காது, அவர்கள் பதிவில் கம்பெனியின் பெங்களூரு முகவரிதான் நிற்கும். அவர்களைக் கூடவே வரும் சக கண்டுபிடிப்பாளர்கள் பெயரை வைத்துப் பிடிக்கலாம். ஒரே கூட்டாளிகள் மூன்று பதிவில் வந்தால் ஆளும் அநேகமாக ஒரே ஆள்தான்.

இனி ருசியான பகுதி, வகைக் குறியீடு. உலகம் முழுக்க ஒவ்வொரு பேட்டன்டுக்கும் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவில் ஒரு குறியீடு கொடுத்திருப்பார்கள், அதைப் பெயரோடு சேர்த்துப் போட்டால் தொழில்வாரியாகப் பிரிந்து வந்துவிடும். கொங்கு நாட்டுத் தொழில் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. தையல் டி05பி (D05B, இங்கே டி எல்லாம் D, பி எல்லாம் B), பின்னலாடை டி04பி, நூற்பு டி01எச், நெசவு டி03டி. கோவை மோட்டார் பம்பின் இம்பெல்லர் சமாசாரம் எஃப்04டி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி இ21பி. நாமக்கல் கோழிப்பண்ணை ஏ01கே. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் சுத்திகரிப்பு சி02எஃப். நாப்கின் ஏ61எஃப். மாவு கிரைண்டர் மட்டும் கொஞ்சம் அலைய விடும், சமையலறைச் சாமான் என்று ஏ47ஜேயிலும் இருக்கும், அரைக்கிற யந்திரம் என்று பி02சியிலும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். பயிற்சிக்கு எடுத்த ஹோவ்களையும் இப்படியே பிரிக்கலாம்: தையல் டி05பி, பாலம் இ01டி, கட்டில் ஏ47சி, குண்டூசி பி21ஜி.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் நிலையையும் பார்த்தே ஆக வேண்டும். விண்ணப்பம் கொடுத்து 18 மாதம் ஆனால் அது தானாகவே வெளியாகும், தனிப் படிவம் கொடுத்துக் கட்டணம் கட்டினால் முன்னாடியே வெளியாகும். வெளியானது என்றால் பேட்டன்ட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பரிசோதிக்கச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும், போடாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கணக்கு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லூரிகளில் ஏழெட்டுப் பேர் பெயரைச் சேர்த்து, சீக்கிரம் வெளியிட வைத்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு அதோடு மறந்துவிட்ட விண்ணப்பங்கள் ஏராளம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை வேறு. உங்கள் பெயர்க்காரர் அந்த எட்டுப் பேரில் ஆறாவது ஆளாக இருந்தால் "கண்டுபிடித்தார்" என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை, "விண்ணப்பித்தவர்களில் ஒருவர்" என்று போடுங்கள்.

வழங்கப்பட்டதும் சாசுவதம் கிடையாது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் ஆயுள், அதிலும் மூன்றாம் வருடத்திலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வர வேண்டும், விட்டால் செத்துவிடும். பட்டறைக்காரர்களுக்கு இது சந்தோஷமான செய்தி, காலாவதியான பேட்டன்டை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அமெரிக்காவில் மட்டும் வாங்கி இந்தியாவில் வாங்காமல் விட்டதையும் இங்கே செய்து இங்கேயே விற்கத் தடையில்லை. ஆனால் அதே பொருளுக்கு இந்தியாவில் வேறு பேட்டன்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு லேத்தை ஓட்டுங்கள், ஏற்றுமதி என்றால் அந்த நாட்டுக் கணக்கையும் பாருங்கள்.

பொருள் என்ன என்று தெரிந்துகொள்ளத் தலைப்பைப் படித்துப் பிரயோசனமில்லை. "மேம்படுத்தப்பட்ட பம்பு" என்று போட்டிருப்பார்கள், எந்த பம்பும் மேம்படுத்தப்பட்டதுதான். கடைசியில் உரிமைக் கோரிக்கைகள் என்று எண் போட்டு வரும், அதில் முதலாவதைப் படியுங்கள். நீளமான ஒரே வாக்கியம், மூச்சு முட்டும். "இதில் சிறப்பு என்னவென்றால்" என்கிற தோரணையில் ஒரு இடம் வரும், அதற்குப் பின்னால் வருவதுதான் அவர் புதிதாகச் செய்தது. அந்த ஒரு துண்டை உங்கள் சொந்தத் தமிழில் இரண்டு வரியாக எழுதினால் மலரில் படிக்கிறவர்களுக்குப் புரியும்.

பேட்டன்ட் என்று சொல்லப்படுவதெல்லாம் பேட்டன்ட் இல்லை என்பதையும் கவனியுங்கள். வெளித் தோற்றத்துக்கு வாங்குவது டிசைன் பதிவு, அது 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. கோவை வெட் கிரைண்டர், பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் இவையெல்லாம் புவிசார் குறியீடு, ஊருக்குச் சொந்தம், எந்தப் பெயர்க்காரரும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியாது.

எக்செல் ஷீட்டில் போடும்போது ஒரு பேட்டன்டுக்கு ஒரு வரி: பதிவில் உள்ளபடியே பெயர், பின்கோடு, விண்ணப்ப எண், வகைக் குறியீடு, நிலை, நிலையைப் பார்த்த தேதி. ஒரே கண்டுபிடிப்பு இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று மூன்று இடத்தில் பதிவாகியிருந்தால் அது மூன்று இல்லை, ஒன்று. எஸ்பாஸ்நெட் என்ற ஐரோப்பியத் தளத்தில் பேட்டன்ட் குடும்பம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே இவற்றை ஒன்றாகக் கட்டிக் காட்டும். ஆள் உயிரோடு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் ஒரு போன் போட்டு, "ஏனுங்க, இது நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். அட்டவணையில் இல்லாத இன்னும் இரண்டை அவரே எடுத்துக் கொடுத்தாலும் கொடுப்பார்.