மின்னியல்–காந்தவியல் பேப்பரை முதல்முறை எடுப்பவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பல ஆண்டுகளாக பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு மின்னியலும் காந்தவியலும் எடுத்து வருகிறேன். புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியர்கள், "இதை எங்கேயிருந்து மேடம் ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிலபஸைக் கையில் எடுங்கள். ஐந்து யூனிட் இருக்கும். ஐந்துக்கும் ஹவரைச் சமமாகப் பிரித்துவிடாதீர்கள். மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு: மின்புலம் என்ற கருத்து, அப்புறம் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல். இருக்கிற ஹவரில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் போகட்டும். காந்தப் பொருள்களின் வகைகள், தயக்கக் கண்ணி, மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகள் எல்லாம் ஓரளவு தாங்களே படித்துக்கொள்ளக்கூடியவை. நோட்ஸும் கணக்குகளும் கொடுத்து வேகமாக நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, இந்தப் பேப்பரின் எல்லா வகுப்புக்கும் ஒரே ஒரு பழக்கம். எந்தச் செயல்விளக்கத்தையும் காட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று மாணவர்களை நோட்டில் எழுத வையுங்கள். வாயால் கேட்டால் முதல் பெஞ்சில் இரண்டு பேர் சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது. எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் விவாதிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் செய்துகாட்ட வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களில் இப்படிச் சக மாணவர் விவாதத்தை வைத்தே தன் வகுப்பை மாற்றியமைத்தார். மின்சுற்றுகளுக்கான கிர்காஃப் விதியில் கணக்குப் போட்டுவிடும் மாணவர்களே, மூன்று பல்புள்ள எளிய சுற்றைப் பற்றிக் கேட்டால் திணறுவதை அவர் கண்டிருந்தார். நம் வகுப்பிலும் அதே கதைதான்.

முதல் வகுப்புக்குக் கண்ணாடித் தண்டும் பட்டுத் துணியும் வேண்டாம். கடலோர மாவட்டங்களில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், தேய்த்த தண்டு காகிதத் துண்டைக்கூட இழுக்காது. ஒரு செல்லோடேப் சுருள் போதும். மேசை மேல் ஒரு டேப்பை ஒட்டி, அதன் மேல் இன்னொன்றை ஒட்டி, 'கீழ்', 'மேல்' என்று பேனாவால் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்தே மேசையிலிருந்து உரித்து, முதுகை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, சட்டென்று பிரித்தால் ஒன்றையொன்று இழுக்கும். பக்கத்து பெஞ்சின் 'மேல்' டேப்பை உங்கள் 'மேல்' டேப்புக்கு அருகே கொண்டுபோனால் விலகும். ஈரப்பதம் உள்ள நாளிலும் இது ஓரளவு வேலை செய்யும்.

இப்போது விரலை அருகே கொண்டுபோகச் சொல்லுங்கள். 'மேல்', 'கீழ்' இரண்டுமே விரலை நோக்கி வரும். "அப்படியென்றால் விரலில் என்ன மின்னூட்டம் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். நடுநிலையான பொருளையும் மின்னூட்டம் பெற்ற பொருள் இழுக்கும், ஒரு பொருளில் மின்னூட்டம் இருப்பதை விலக்கம் மட்டுமே உறுதி செய்யும் என்பது அவர்கள் வாயிலிருந்தே வர வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

அன்றைக்கே கூலும் விதியில் ஒரு கணக்கு. ஒரு கூலும் மின்னூட்டங்கள் இரண்டு, ஒரு மீட்டர் தூரத்தில். விசை 9×10⁹ நியூட்டன். இது எத்தனை டன் எடைக்குச் சமம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சுமார் ஒன்பது லட்சம் டன் வரும். ஒரு கூலும் எவ்வளவு பெரியது என்பதும், அவர்கள் கையில் இருந்த டேப்பில் இருப்பது வெறும் நானோகூலும் அளவுதான் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

காஸ் விதிக்கு வரும்போது பாயம் (ஃப்ளக்ஸ்), அதாவது ஒரு பரப்பின் வழியே எவ்வளவு புலம் போகிறது என்பதைப் புரியவைக்க ஒரு பக்கெட் போதும். கொட்டும் மழையில் பக்கெட்டை நேராகப் பிடித்தால் நிறைய நீர் விழும், சாய்த்துப் பிடித்தால் குறையும், படுக்க வைத்தால் ஒன்றுமே விழாது. கொசைன் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். டைவர்ஜென்ஸ், கர்ல் எல்லாம் கணிதப் பேப்பரில் வரட்டும். இங்கே தேவைப்படும் நாளில் தேவையான அளவு மட்டும் எடுங்கள்.

காஸ் விதியைச் சொல்லி முடித்ததும் பெரும்பாலோர் கோளம், உருளை, தளம் என மூன்று நிரூபணங்களையும் வரிசையாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் போய்விடுகிறார்கள். மாணவர்களும் மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இதைத்தான் நிறுத்த வேண்டும். நிரூபணத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: ஒரு கனசதுரத்தின் மையத்தில் மின்னூட்டம் இருக்கிறது, ஒரு முகம் வழியே எவ்வளவு பாயம்? ஆறில் ஒரு பங்கு என்று சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். சரி, அதே மின்னூட்டத்தை ஒரு மூலைக்கு நகர்த்துகிறேன், இப்போது? இங்கே வகுப்பு திகைக்கும். மூலையைச் சுற்றி அதேபோல் எட்டு கனசதுரங்களை அடுக்கினால் மின்னூட்டம் நடுவில் வந்துவிடும் என்று யாராவது ஒரு மாணவி கண்டுபிடிப்பாள். நம் கனசதுரத்துக்கு எட்டில் ஒரு பங்கு. மூலையைத் தொடும் மூன்று முகங்களிலும் புலம் முகத்தோடு ஒட்டியே போவதால் பாயம் பூஜ்யம். எதிரே உள்ள மூன்று முகங்களுக்குத் தலா 24-ல் ஒரு பங்கு. ஒரு வரித் தொகையீடுகூட இல்லாமல் விடை வந்துவிட்டது! சமச்சீர் என்ன வேலை செய்கிறது என்று இதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வேறு கணக்குத் தெரியாது.

மின்னழுத்தத்துக்கு இரண்டே படங்கள். சமமான இரண்டு நேர்மின்னூட்டங்கள் ஒரு படத்தில், ஒரு நேர் ஒரு எதிர் அடுத்த படத்தில், பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். முதல் படத்தின் நடுப்புள்ளியில் புலம் பூஜ்யம், அழுத்தம் பூஜ்யமில்லை. இரண்டாவதில் அழுத்தம் பூஜ்யம், புலம் பூஜ்யமில்லை. இதை ஒவ்வொரு வாரமும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

மின்னோட்டத்துக்கு, வண்டி உதிரிபாகக் கடையில் பைக் இண்டிகேட்டர் பல்பு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்.இ.டி. வேண்டாம், இழை பல்பாகவே கேட்டு வாங்குங்கள். மூன்றும் ஒரே வாட் இருக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியோடு ஒரு பல்பைத் தொடரிலும், அதற்கு அடுத்து இரண்டைப் பக்க இணைப்பிலும் போடுங்கள். பக்க இணைப்பில் உள்ள ஒரு பல்பைக் கழற்றினால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? "முதல் பல்பில் மாற்றம் இருக்காது, பேட்டரி அதே மின்னோட்டத்தைத்தானே கொடுக்கும்" என்று பலர் எழுதியிருப்பார்கள். கழற்றிக் காட்டுங்கள். முதல் பல்பு மங்கும், மிஞ்சிய பல்பு பிரகாசமாகும். பேட்டரி நிலையான மின்னோட்டத்தைத் தருகிறது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் உடைந்தால்தான் கிர்காஃப் விதிக்கே அர்த்தம் வரும்.

இழுப்புத் திசைவேகக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான் நகரும் வேகம் நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் போகக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். பிறகு சுவிட்சைப் போட்டதும் டார்ச் எப்படி உடனே எரிகிறது? கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே இருக்கின்றன, புலம் பரவுவதுதான் வேகமாக நடக்கிறது என்ற விடையில் வகுப்பு மறுபடியும் புலத்துக்கே வந்து சேரும்.

காந்தவியலை 1820-இலிருந்து தொடங்குங்கள். அர்ஸ்டெட் மின்கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்ட ஆண்டு அது. சும்மா காட்டாமல் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கம்பியை வடக்கு தெற்காக நீட்டி, ஒரு சென்டிமீட்டர் கீழே திசைகாட்டி வைத்து, ரியோஸ்டாட்டும் அம்மீட்டரும் சேர்த்து ஓர் ஆம்பியர் விடப்போகிறோம். கம்பியின் புலம் 20 மைக்ரோடெஸ்லா. நம் பக்கம் புவிக்காந்தப் புலத்தின் கிடைக்கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இரண்டும் செங்குத்து. டேன்ஜென்ட் அரை, ஆகவே ஊசி சுமார் 27 டிகிரி திரும்ப வேண்டும். இதை எழுதிவைத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஊசி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே நான் இந்தப் பேப்பரை விடாமல் கேட்டு வாங்குகிறேன்.

தென் மாவட்டக் கல்லூரி என்றால் இன்னொரு வசதியும் உண்டு. புவிக்காந்தப் புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகத்தான் போகிறது. அதற்காகவே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. இங்கே சரிவுக் கோணம், அதாவது அந்தப் புலம் கிடைத்தளத்தோடு செய்யும் கோணம், சில டிகிரிதான், டெல்லியில் 40 டிகிரிக்கு மேல். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இலவசமாகக் கொடுக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியை மாணவர்கள் போனில் ஏற்றிவிட்டால், செங்குத்துக் கூறு எவ்வளவு சின்னது என்று மைதானத்தில் நின்றே அளந்துவிடலாம். போனுக்குள் உணரி எந்த மூலையில் இருக்கிறது என்பதை ஒரு குண்டூசியை மேலே நகர்த்திப் பார்த்து முதலில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

லேபில் ஒரு சிக்கல். சோதனைகள் சுழற்சி முறையில் வருவதால், தியரியில் எடுக்காத சோதனை சில பேட்சுக்கு முன்னாலேயே வந்துவிடும். அந்த பேட்சுக்கு மட்டும் கருவியின் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பேசுங்கள். டேன்ஜென்ட் கால்வனாமீட்டரை இரும்பு மேசையில் வைக்கவே விடாதீர்கள், மர மேசைதான். போன்களைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சுருளைக் காந்தத் துருவத்தளத்தில் நிறுத்திய பிறகு, முள்ளின் இரண்டு முனைகள், மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு மறுபடியும் இரண்டு முனைகள், ஆக நாலு அளவீடு. ஏன் நாலு என்பதை மாணவர் சொல்லாமல் ரெக்கார்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபாரடேக்கு வருவோம். 1831 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவர் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்கள் சுற்றிப் பார்த்தபோது, இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டுமே ஊசி ஆடியது. மாணவர்களிடம் சுருளையும் நடுவில் பூஜ்யமுள்ள கால்வனாமீட்டரையும் கொடுத்து, காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் பிடித்திருக்கச் சொல்லுங்கள். முள் அசையாது. வலுவான காந்தம் போட்டாலும் அசையாது. இதை அவர்கள் கையால் உணர வேண்டும், ஏனென்றால் லென்ஸ் விதியில் எல்லோரும் செய்யும் பிழை, தூண்டப்பட்ட மின்னோட்டம் எப்போதும் புலத்தை எதிர்க்கும் என்று எழுதுவது. அது எதிர்ப்பது பாயத்தில் ஏற்படும் மாற்றத்தை.

அதற்கு அடுத்த வகுப்பில் குழாய். ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமாகும் செம்புக் குழாய் ஒரு மீட்டர், உள்ளே தாராளமாகப் போகிற, ஆனால் அதிக இடைவெளி விடாத நியோடிமியம் காந்தம். வெளியே போட்டால் ஒரு மீட்டரை அரை நொடிக்குள் கடந்துவிடும். குழாய்க்குள் போட்டால் பல நொடி எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் சுவரைத் தொடாமல் இறங்குவது தெரியும். இப்போது கேள்வி: இன்னும் வலுவான காந்தம் போட்டால் குழாய்க்குள் நின்றே போய்விடுமா? "நிற்கும்" என்று எழுதியவர்களை எழுந்து விளக்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டால் மாற்றம் இல்லை, மாற்றம் இல்லையென்றால் குழாய்ச் சுவரில் தூண்டப்படும் சுழல் மின்னோட்டம் இல்லை, பிறகு தாங்குவது எது என்று அவர்களே பாதியில் நிறுத்திவிடுவார்கள். அடுத்து குழாயைச் சுருள்வில் தராசில் தொங்கவிடுங்கள். காந்தம் சீரான வேகத்தில் இறங்கும்போது தராசு குழாயின் எடையோடு காந்தத்தின் எடையையும் சேர்த்துக் காட்டும். இரண்டும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை!

மேக்ஸ்வெல்லை கடைசி ஹவரில் அவசரமாகத் திணிக்காதீர்கள், இரண்டு ஹவராவது ஒதுக்குங்கள். வெற்றிடத்தின் விடுதிறன் 8.85×10⁻¹², உட்புகுதிறன் 1.257×10⁻⁶. இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்கச் சொல்லுங்கள். கால்குலேட்டரில் 3×10⁸ வரும்வரை அது ஒளியின் வேகம் என்று நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கடைசியாக இன்டர்னல். எழுத்துத் தேர்வின் 75 மதிப்பெண் பெரும்பாலும் நம் கையில் இல்லை, 25 நம் கையில் இருக்கிறது. அதில் பழைய வினாத்தாளை மறுபடியும் போடாதீர்கள். பாதிக்கு வழக்கமான நிரூபணமும் கணக்கும் இருக்கட்டும், மற்ற பாதியில் கனசதுர மூலை, கழற்றிய பல்பு, குழாய்க்குள் காந்தம் போன்றவற்றைச் சற்றே மாற்றிக் கேளுங்கள். விடையைத் தமிழில் விளக்கினாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்துவரும் பிள்ளைகளுக்கு இயற்பியல் புரிந்திருக்கிறதா என்று அப்படித்தான் தெரியும். விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதிகம் பேர் தவறவிட்ட கேள்வியை அந்த ஹவரிலேயே கருவியோடு மறுபடியும் எடுங்கள். அதற்குப் பிறகு அடுத்த யூனிட்டைத் தொடங்கலாம்.