விதை வாங்கியவருக்கு எப்போது மின்னஞ்சல் எழுதுவது? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சென்னையில் மாடித்தோட்டத்துக்கு விதையும் தொட்டியும் விற்கும் சின்னக் கடை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் எக்செல் கோப்பில் இருக்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தள்ளுபடி அறிவிப்பு போகிறது, அதோடு சரி. இப்படி இருந்தால் யாருக்கும் உங்கள் பெயர் நினைவில் நிற்காது. நமக்கு விற்க வேண்டிய நாளில் எழுதுவதைக் குறைத்து, அவருக்குத் தேவைப்படும் நாளில் எழுதிப் பாருங்கள்.

முதல் வேலை, அனுமதி கேட்பது. பில் போட முகவரி கொடுத்தவர் கடிதம் அனுப்பவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "தோட்டக் குறிப்புகள் அனுப்பலாமா?" என்று கேளுங்கள், டிக்கை அவரே போடட்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். விலைக்கு வரும் முகவரிப் பட்டியல்களைத் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது தொழில்நுட்பம். சொந்த டொமைனிலிருந்து, அதாவது கடைப் பெயரில் பதிவு செய்த இணைய முகவரியிலிருந்து, அனுப்புங்கள். கடிதம் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டொமைன் அமைப்பில் சேர்க்க வேண்டும். மெயில்சிம்ப், நம்ம ஊர் ஸோஹோவின் கேம்பெய்ன்ஸ் போன்ற, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சேவைகளில் எதை எங்கே ஒட்டுவது என்று அவர்களே காட்டுவார்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இவை கட்டாயம். சிறு கடைக்கும் இது நல்லதுதான், கடிதம் ஸ்பேமில் விழும் வாய்ப்பு குறையும்.

இனிதான் முக்கியமான பகுதி. சேர்ந்த உடனே ஒரு வரவேற்புக் கடிதம் போகட்டும். அதில் ஒரே ஒரு கேள்வி: "உங்கள் மாடியில் எத்தனை மணி நேரம் வெயில் விழும்?" பதில்களை நீங்களே படித்து, நல்ல வெயில், பால்கனி நிழல் என்று பிரித்து வையுங்கள். நிழல் பால்கனிக்காரருக்குத் தக்காளி நாற்று விளம்பரம் போகக் கூடாது, பாருங்கள்!

அப்புறம் நாள் கணக்கு. பலர் வாங்கிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள், விதை போட்ட நாளிலிருந்து எண்ணுவதே சரி. பாக்கெட் வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கலாம். அதனால் "இன்று விதைத்துவிட்டேன்" என்று ஒரு பட்டனைக் கடிதத்தில் வைத்து, அதை அழுத்திய நாளிலிருந்து அடுத்த கடிதங்கள் தானாகப் போகும்படி அமையுங்கள். வெண்டை விதைத்தவருக்கு ஒரு வாரத்தில் இப்படி எழுதலாம்:

"வணக்கம். வெண்டை இந்நேரம் முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை என்றால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதை அழுகியிருந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஒரு படம் எடுத்து இந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்."

இதற்குத் தலைப்பு "வெண்டை முளைத்துவிட்டதா?" என்றிருந்தால் போதும், "அதிரடி ஆஃபர்" எல்லாம் வேண்டாம். அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயரும் கடைப் பெயரும் இருக்கட்டும். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மட்டும் எழுதிவிடாதீர்கள், பழக்கமே அங்கே அறுந்துபோகும்.

அரைக்கீரை போட்டவருக்கு, வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மறுபடி துளிர்க்கும் என்று அறுவடை நேரத்தில் எழுதலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு, தொட்டியின் வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று எல்லோருக்கும் நினைவூட்டலாம். இவற்றில் விற்க எதுவும் இல்லை. அதனால்தான் ஆடிப்பட்டத்துக்கு நீங்கள் விலைப்பட்டியல் அனுப்பும்போது அதையும் திறந்து பார்ப்பார்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமை வசதியால், படிக்காத கடிதமும் திறந்ததாகப் பதிவாகலாம். எத்தனை பதில்கள் வந்தன, எத்தனை பேர் பட்டனை அழுத்தினார்கள் என்று பாருங்கள்.

ஆறு மாதமாக எந்த அசைவும் இல்லாதவருக்கு, "தொடர்ந்து அனுப்பட்டுமா?" என்று ஒரு கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுபடி கடைக்கு வந்தால் புதிதாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.