பழைய த்ரீ நாட் த்ரீ எங்கே பிறந்தது? முத்திரையைப் படிக்கும் முறை

தாத்தா வைத்துவிட்டுப் போனதோ, ஏலத்தில் எடுத்ததோ, ஒரு பழைய ரைஃபிள் கைக்கு வந்தால் முதல் கேள்வி 'இது எந்த ஊர் சரக்கு?' என்பதுதான். எல்லா ரகத்தையும் ஒரே பதிவில் சொல்ல முடியாது. நம் பக்கம் அதிகம் தட்டுப்படும் லீ-என்ஃபீல்டை, அதாவது த்ரீ நாட் த்ரீயை எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் காலி செய்யுங்கள்

தோட்டாக்கள் அடங்கும் பெட்டியான மேகசினைக் கழற்றி, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கொடுத்தவர் 'காலிதான்' என்று சத்தியம் செய்தாலும் பாருங்கள்.

வரிசை எண்ணை யாராவது அரம் போட்டு ராவியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் 1959 ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது.

2. துடையுங்கள், தேய்க்காதீர்கள்

மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் போதும். உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு முத்திரையைத் தேய்த்தழித்த துப்பாக்கிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கோடுகள் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி எழும்பும்.

3. கழுத்தைப் படியுங்கள்

போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை இரும்பில் நுழையும் இடம்தான் துப்பாக்கியின் கழுத்து. பழைய ரகமான எஸ்.எம்.எல்.இ.யில் (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) அதன் வலப்பக்கத்தில் மேலே ஒரு கிரீடம், அதன் கீழே மன்னரின் எழுத்துகள், அப்புறம் தொழிற்சாலை, ஆண்டு, ரகம் என்று வரிசையாக அடித்திருக்கும். 'என்ஃபீல்டு' என்றால் இங்கிலாந்து அரசுத் தொழிற்சாலை. 'பி.எஸ்.ஏ. கோ' பர்மிங்காம், 'எல்.எஸ்.ஏ. கோ' லண்டன், 'லித்கோ' ஆஸ்திரேலியா.

வங்கத்தின் இஷாப்பூரில் செய்ததில் 'ஜி.ஆர்.ஐ.' என்று இருக்கும். முதல் இரண்டு எழுத்தும் ஜார்ஜ் மன்னர், கடைசி 'ஐ' சக்கரவர்த்தி என்ற பட்டத்தைக் குறிக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கமும் 'ஆர்.எஃப்.ஐ.' (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற எழுத்துகளும் வந்தன.

பெயரே இல்லையா? உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ. செய்த சிலவற்றில் 'பி' என்ற ஒற்றை எழுத்துதான் உண்டு.

அடுத்து வந்த நம்பர் 4 ரகத்தில் இடப்பக்கம் பாருங்கள். 'லாங் பிராஞ்ச்' என்றால் கனடா. 'யு.எஸ். ப்ராப்பர்ட்டி' என்று இருந்து, வரிசை எண்ணின் நடுவே 'சி' வந்தால் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் பிரிட்டனுக்காகச் செய்தது.

4. எண்களை ஒப்பிடுங்கள்

எஸ்.எம்.எல்.இ.யில் உடல் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு), குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், முனைமூடி, குறிபார்க்கும் தகட்டின் அடிப்பக்கம், எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால் பிறந்தபடியே இருக்கிறது. மாறியிருந்தால் உடலில் உள்ள எண்ணைத்தான் நம்ப வேண்டும். போல்ட் வேறாக இருந்தால், ஆயுதம் பழுதுபார்க்கும் ஆள் சோதிக்காமல் சுடக் கூடாது. மரம் எளிதில் மாறக்கூடியது, அதை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள்.

5. பிறகு எங்கே போனது?

மேகசினுக்குச் சற்று முன்னால் மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி ஓடினால் அது இந்தியாவில் பணியாற்றியிருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த துப்பாக்கிக்கும் இந்தியாவில் பழுதுபார்த்தபோது இந்தத் திருகாணி போட்டிருக்கிறார்கள். 'எஃப்.டி.ஆர்.' என்றால் தொழிற்சாலையில் முழுதாகப் பிரித்துச் சரிசெய்தது. முனையோடு முனை எதிரெதிராக நிற்கும் இரண்டு அம்புக்குறிகள், ராணுவம் விற்றுவிட்டதன் அடையாளம். 'டி.பி.' என்று அடித்திருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கு அல்ல.

6. கைபர் நகலா?

இதில்தான் நிதானம் வேண்டும். பாகிஸ்தானில் கைபர் கணவாய் வட்டாரத்தின் தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்களில் கைவினைஞர்கள் முத்திரை உட்பட எல்லாவற்றையும் நகலெடுத்தார்கள். ஆங்கிலம் தெரியாமல் வெட்டியதால் 'என்' எழுத்து திரும்பி நிற்கும், 'என்ஃபீல்டு' என்ற பெயரில் ஒரு எழுத்து குறையும், வரிகள் கோணலாகப் போகும். ஆண்டையும் மன்னரையும் பொருத்திப் பாருங்கள். விக்டோரியா மகாராணி 1901இல் காலமானார். அவருடைய 'வி.ஆர்.' எழுத்துக்குக் கீழே 1919 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், நகல்தான். கையால் இவ்வளவு செய்தவர்களின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த இரும்பு எதிலிருந்து வந்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதில் தோட்டா போடாதீர்கள்.