மாரி கழிந்து வலை கட்டும்போது பாய்ச்சல் ஏன் குறைகிறது, எப்படி மீட்பது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார்த்திகையில் மைதானத்தில் தண்ணீர் தேங்கினால் தை வரைக்கும் கரப்பந்தாட்ட வலை கட்ட வழியில்லை. இரண்டு கிழமை ஓய்வு முழங்காலுக்கு நல்லதுதான். நாலைந்து கிழமை தாண்டினால் பாய்ச்சலில் வித்தியாசம் தெரியும். காலின் பலம் மெதுவாகத்தான் இறங்கும். முந்திக் குறைவது, ஓடிவந்து கடைசி இரண்டு எட்டில் நிலத்தை உதைத்து எழும்பும் அந்த வேகம். மூன்று கிலோ ஏறியிருந்தால் அதையும் சுமந்துதான் 2.43 மீற்றர் வலைக்கு மேலே போகவேண்டும் (பெண்களுக்கு 2.24).

ஆகவே மழைக்கு முன்னரே அளந்து வையுங்கள். சுவரோரம் நின்று கை எட்டும் இடத்தைக் குறியுங்கள். விரலில் வெண்கட்டி பூசி, நின்ற இடத்திலிருந்து மூன்று தரம் பாய்ந்து கூடியதை எடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் பாய்ச்சல். கல்லடிக் கடற்கரை மணலில் எடுத்த அளவைச் சீமெந்துத் தரை அளவோடு ஒப்பிடாதீர்கள். மணல் உதைப்பை விழுங்கிவிடும்.

மழைக்காலத்தில் கிழமைக்கு இரண்டு நாள், விறாந்தையில் 20 நிமிடம் போதும்: ஒற்றைக்காலில் கதிரை வரை இறங்கி எழும்புவது காலுக்கு 8 தரம், குதிகால் உயர்த்துவது 15 தரம், இரண்டும் மூன்று சுற்று. பிறகு முழு உயரத்துக்கு 5 பாய்ச்சல், ஒன்றரை நிமிட ஓய்வு, நாலு சுற்று. சும்மா நூறு தரம் துள்ளினால் களைப்புத்தான் மிச்சம். சாரல் பட்ட டைல்ஸில் மட்டும் பாயவேண்டாம்.

பிழை நடப்பது பெரும்பாலும் திரும்பி வரும் முதல் நாளில். ஆசையில் இருட்டும் வரை ஐந்து செற் ஆடுவார்கள். அடுத்த காலை முழங்காற்சில்லுக்குக் கீழே குத்தும். தசை சீக்கிரம் பழகிக்கொள்ளும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழகக் கனநாள் எடுக்கும். அதனால் நாட்களை எண்ணாமல் பாய்ச்சலை எண்ணுங்கள். அடி, தடுப்பு, பாய்ந்து போடும் சேர்விஸ் எல்லாம் சேர்த்து முதல் கிழமை ஒரு பயிற்சிக்கு 40. பிறகு கிழமைக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். பயிற்சிகளுக்கிடையே ஒரு நாள் விடுங்கள். மறுநாள் படியிறங்கும்போது நோவு கூடினால் எண்ணிக்கையைப் பாதியாக்கி, சுவரில் முதுகு சாய்த்து அரை இருப்பில் 45 விநாடி, ஐந்து தரம் இருங்கள். இரண்டு கிழமையாகியும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டிக்கு ஆறு கிழமை வேண்டும், அதாவது மாசி நடுவிலேயே தொடங்கவேண்டும். முதல் இரண்டு கிழமை மணலில் ஆடலாம், மிச்சம் போட்டி நடக்கும் தரையில்.