மலை ரோட்டில் கியர் வண்டி: ஹாஃப் கிளட்ச் பிடிபட்டால் பாதிப் பயம் போச்சு

மதுரையில் சமதளத்தில் கியர் காரை நன்றாக ஓட்டுகிறவர்களும் மேட்டில் நின்று எடுக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். கொடைக்கானல் கிளம்பும் முன், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்ன ஏற்றத்தில் விடியற்காலையில் பழகுங்கள். மேம்பாலத்தில் வேண்டாம், வேகமாக வரும் பஸ்காரருக்கு நீங்கள் நிற்பது கடைசி நிமிஷத்தில்தான் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுங்கள். கிளட்சை அடிவரை மிதித்து முதல் கியர் போடுங்கள். வலது காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றி, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 1,500-ஐத் தாண்டி நிற்கும்படி மிதியுங்கள். இனி கிளட்சை மெதுவாக விட வேண்டும், மிக மெதுவாக. ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனக்கும், பானெட் லேசாகத் தூக்கும், வண்டி முன்னே போகத் துடிக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். இடது காலை அங்கேயே நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். வண்டி நகர்ந்து வேகம் பிடித்த பிறகே கிளட்சை முழுதாக விடுங்கள்.

இன்ஜின் ஆஃப் ஆனால் கிளட்சைச் சட்டென விட்டிருப்பீர்கள், அல்லது ஆக்சிலேட்டர் போதவில்லை. பின்னால் உருண்டால் ஹேண்ட்பிரேக்கை முந்தி இறக்கிவிட்டீர்கள். கருகல் வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது, ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அங்கேயும் ஹேண்ட்பிரேக்தான்.

முதல் மலைக்குத் திண்டுக்கல் பக்கம் சிறுமலை நல்லது, 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுங்கள், இன்ஜின் திணறினால் முதல் கியர். திரும்பும்போது கிளட்சில் கால் இருக்கக் கூடாது. குறுகலான இடத்தில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இறக்கத்தில்தான் உயிர்ப் பிரச்சினை. ஏறிய அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிரேக் பிடிப்பது குறையும், பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதோ இன்ஜினை அணைப்பதோ கூடவே கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாக இறுகும்.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது. மூக்கு மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ், சக்கரத்துக்கு ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டோரம் தூக்கிப் போட்டுவிடுங்கள், இருட்டில் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது.