பல் அடைத்தபின் சாப்பாட்டில் செய்யும் தவறுகள்

பல் அடைத்துக்கொண்டு போனவர்களில் ஒரு வாரத்துக்குள் திரும்பி வருபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவருக்கு மிட்டாயோடு அடைப்பும் சேர்ந்து வந்திருக்கும். மூன்றாமவர், “கடிச்சா வலிக்குது டாக்டர், சரியாயிடும்னு விட்டுட்டேன்” என்பார். பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே சொல்லவில்லை.

என்ன பொருளால் அடைத்தார்கள் என்று கேட்காமல் வருவது

எப்போது மெல்லலாம் என்பதை அடைத்த பொருள்தான் தீர்மானிக்கிறது. பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் 20 முதல் 40 விநாடி வரை நீல ஒளி காட்டுவார்கள். நாற்காலியை விட்டு எழும்போதே அது மெல்லும் அளவுக்கு இறுகியிருக்கும். அதற்குப் பிறகு காத்திருப்பது ஊசியால் வந்த மரப்பு போவதற்காக மட்டுமே.

வெள்ளி நிற அமால்கம் அப்படியல்ல. முதல் சில மணி நேரம் அதன் பலம் குறைவு. முழு பலம் வர ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். “ஒரு நாள் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்” என்ற அறிவுரை அமால்கத்துக்கு உரியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவ அவசியம் உள்ள சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அமால்கத்தைத் தடை செய்துவிட்டது. பொருள் விடைபெறுகிறது, அறிவுரை மட்டும் எல்லா அடைப்புக்கும் தொடர்கிறது.

மூன்றாவது அடைப்புப் பொருளான கிளாஸ் அயனோமர் சிமென்ட் சில நிமிடங்களில் இறுகினாலும் தொடக்கத்தில் ஈரம் பட்டால் அதன் மேற்பரப்பு கெடும். அதனால்தான் மேலே வார்னிஷோ வாசலினோ பூசி அனுப்புகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு எதுவும் உண்ணாமல் பருகாமல் இருந்துவிட்டு, முதல் நாள் முழுவதும் கடினமானதை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

மரப்பு இருக்கும்போதே சாப்பிடுவது

அட்ரினலின் கலந்த லிடோகெய்ன் ஊசியில் பல்லின் மரப்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக நிற்கும். உதடும் நாக்கும் விழிக்க 3 முதல் 5 மணி நேரம் ஆகலாம், கீழ்த்தாடைக்குப் போட்ட ஊசியில் குறிப்பாக. பல்லில் உணர்வு வந்துவிட்டதே என்று சாப்பிட உட்கார்ந்தால் கடிபடுவது உதடும் கன்னமும்தான். சூடான காபி வாயைப் பொசுக்குவதும் அப்போது தெரியாது. இரண்டு பக்க உதட்டையும் விரலால் வருடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் தெரிகிற வரை மெல்ல வேண்டாம்.

சிறு குழந்தைகள் மரத்த உதட்டை விளையாட்டாகவே மென்றுவிடுவார்கள். மறுநாள் உதடு வீங்கி வெள்ளைப் படலம் படிந்திருக்கும். சீழ் என்று பெற்றோர் பதறுவார்கள், பெரும்பாலும் அது ஆறிவரும் புண்தான். மரப்பு போகும்வரை குழந்தையைக் கண் பார்வையில் வைத்திருங்கள்.

வெறும் மரப்பு ஊசிக்குப் பட்டினியாக வரத் தேவையில்லை. முன்பே சாப்பிட்டுவிட்டு வருவதுதான் நல்லது, இன்சுலின் போடுபவர்களுக்கு அது கட்டாயம். மயக்க மருந்து கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்கள் சொன்ன நேரக் கணக்குப்படி வயிற்றைக் காலியாக வைத்திருங்கள்.

அடைப்பு உயரமாக இருந்தும் மறுபக்கம் மென்று சமாளிப்பது

இது ஒன்றைத்தான் எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடிவதில்லை. சில நிமிட வேலையில் முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சைவரை (ரூட் கெனால்) போய்விடுகிறது.

அடைத்து முடித்ததும் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, சாயம் பட்ட மேட்டைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் வாய் மரத்திருக்கிறது, வெகுநேரம் திறந்து வைத்த தாடை சோர்ந்திருக்கிறது, ஆளும் மல்லாந்து படுத்திருக்கிறார். “சரியா இருக்கா?” என்றால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்ப முடியாது. மரப்பு போனபின் தெரிவதுதான் உண்மை.

பல் எலும்பில் நேரடியாகப் பதிந்திருக்கவில்லை. வேரைச் சுற்றிச் சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு நார்த்திசு இருக்கிறது. கடிக்கும் விசையைத் தாங்குவது அதுதான். மற்றப் பற்கள் சேர்வதற்கு முன் ஒரு பல் மட்டும் முட்டினால் மொத்த விசையும் அதன்மேல் இறங்கும். நார் அழன்று வீங்கினால் பல் இன்னும் சற்று மேலெழும்பி இன்னும் பலமாக முட்டும். இரண்டு மூன்று நாளில் கடித்தால் வலி, குளிர்ந்தது பட்டால் கூச்சம். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் அடைப்பின் விளிம்பு உடையலாம், எதிர்ப்பல்லில் விரிசல் விழலாம், தாடைத் தசை வலிக்கலாம். விரிசல் பல்கூழ்வரை, அதாவது பல்லுக்குள் நரம்பு இருக்கும் இடம்வரை, போய்விட்டால் வேர் சிகிச்சையும் பல்லுக்கு மேலே போடும் உறையும் தேவைப்படும். சில பற்களைப் பிடுங்கவே நேரும்.

மறுபக்கம் மெல்லுவதால் ஏன் தப்ப முடியாது? மெல்லும்போது மட்டுமா பற்கள் சேர்கின்றன? எச்சில் விழுங்கும்போது சேர்கின்றன, தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கு இரவெல்லாம் சேர்கின்றன. உணவை இடம் மாற்றலாம், கடியை மாற்ற முடியாது. “தேஞ்சு சரியாயிடும்” என்பதும் நடக்காது. காம்போசிட் அத்தனை வேகமாகத் தேயாது. மிகச் சிறிய உயரத்துக்குப் பல் பழகிக்கொள்வதும் உண்டுதான், ஆனால் உங்களுடையது அந்த வகையா என்று வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது.

சோதிக்கும் விதம்: மரப்பு முழுதும் போனபின் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயில் எதுவும் இல்லாமல் கடைவாய்ப்பற்களை மெதுவாக ஐந்தாறு முறை தட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஒரு பல் முந்திக்கொண்டு ‘டக்’கென்று பட்டால் அது உயரம். பிறகு பற்கள் தொட்டபடியே தாடையை இடம், வலம், முன்பக்கம் நகர்த்துங்கள். தட்டும்போது தெரியாத மேடு நகர்த்தும்போது தடுக்கும். ஊசி போட்ட இடத்தில் இரண்டொரு நாள் வலிப்பதும் வாய் திறக்கச் சிரமப்படுவதும் வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முட்டுகிறது என்று தெரிந்தால் மறுநாளே போங்கள். “கடிச்சா இந்தப் பல்லு முதல்ல படுது” என்று அப்படியே சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலும் தாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. நகம் ராவும் அரத்தால் தாமே தேய்த்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்ல!

ஐஸ் கட்டியை மெல்லுவது

அடைத்த பல்லானாலும் அடைக்காத பல்லானாலும் கூடாது.

அடைத்த இடத்தில் சிக்குவதைப் பல்குச்சியால் நோண்டுவது

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அதே இடத்தில் சிக்கினால் அடைப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூல் பிய்ந்தால் விளிம்பு துருத்தியிருக்கிறது. இரண்டையும் மருத்துவர்தான் சரிசெய்ய வேண்டும். குச்சியால் ஈறுதான் புண்ணாகும்.

சாதாரணக் கூச்சத்துக்குப் பயப்படுவதும், சாதாரணமல்லாததை விட்டுவிடுவதும்

ஆழமாக அடைத்த பல் இரண்டு, மூன்று வாரம் குளிர்ச்சிக்குக் கூசலாம். பட்ட நொடியில் சுரீர் என்று வந்து உடனே அடங்கினால், நாளுக்கு நாள் குறைந்தும் வந்தால், கவலை இல்லை. குளிர்ச்சி போனபின்னும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்றாலோ, காரணமில்லாமல் இரவில் எழுப்பினாலோ பல்கூழ் பாதிக்கப்பட்டிருக்கலாம். வீக்கம், காய்ச்சல் என்றால் அன்றே போக வேண்டும்.

தற்காலிக அடைப்பை நிரந்தரம் என்று நடத்துவது

வேர் சிகிச்சைக்கு நடுவில் வைக்கும் மென்மையான அடைப்பு சில வாரங்கள் தாங்குவதற்குத்தான். எச்சில் பட்டு இறுகும் வகையானால் ஒரு மணி நேரமாவது அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. சூயிங்கம், இழுக்கும் மிட்டாய் இரண்டும் வேலை முடியும்வரை வேண்டாம். ஃப்ளாஸ் செய்தால் நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். மேற்பரப்பு கொஞ்சம் கரைந்தால் பயமில்லை. துண்டாகக் கழன்று வந்தாலோ குழி தெரிந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் ஓரிரு நாளுக்குள் மறுபடி அடைத்துக்கொள்ள வேண்டும். எச்சிலோடு கிருமியும் உள்ளே இறங்கிவிட்டால் சுத்தம் செய்த வேரை மறுபடி முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.